இரசாயனவியலாளரின் கையொப்பமும் நாட்டெல்லையும்

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையை எடுத்தோதுதல் மரபு. அம்மரபை நாம் குறைகூற வரவில்லை. எனினும், கல்லூரியாற் பயன்பெற்றோர் தாம் மேற்கொண்ட தொழில்பற்றிய ஒரு வினாவை மாணவர் முன்னும் ஆசிரியர் முன்னும் வைப்பதும் கல்லூரி அன்னைக்கு ஆற்றும் பணியேயாகும் என எண்ணுகின்றோம். ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா இது: ஒரு நாட்டில் தேர்ந்த இரசாயனவியலாளரென மதிக்கப்பெறும் ஒருவர், வேறொரு நாட்டிற் காலடி வைத்த அன்றே அம்மதிப்பை இழந்துவிடுவது ஏன்? அதனைச் சீர்செய்யும் வழி யாது?

இரசாயனவியல் நாட்டெல்லை அறியாதது. கறியுப்புக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சூத்திரமும் இலண்டனில் வேறொரு சூத்திரமும் இல்லை. எமது ஆய்வுகூடத்தில் அளவியையும் குழாயியையும் கையாண்டு, கரைசல் நிறமாறும் கணத்தை உற்றுநோக்கி, நியமிப்புச் செய்யப் பழகிய மாணவன், மெல்பேணிலோ தொறொன்ரோவிலோ அதனையே செய்யும்போது அதே விடையையே பெறுவான். ஆயினும், விடையை ஏற்கும் உலகம் விடை கண்டவனை ஏற்கத் தயங்குகின்றது. அவன் மீண்டும் பரீட்சைக்கு அமர வேண்டும். மீண்டும் சான்றுகளைத் திரட்ட வேண்டும். சிலவிடங்களில், தான் பல்லாண்டு ஆற்றிய தொழிலின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தெழுதவும் உரிமையற்றவனாகின்றான்.

இந்நிலைக்குக் காரணம் காண்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். இரசாயன நூல் எம்மவர்க்குப் புதிதன்று. மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் தமிழ் நூல் 1875ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டமே நாம் கூறப்புகும் வரலாற்றின் தோற்றுவாயாகும்.

அந்நாளில் இங்கிலாந்தின் உணவுப்பண்டங்கள் கலப்படத்தால் மலிந்து கிடந்தன. 1858ஆம் ஆண்டில் பிராட்போட் நகரிலே இனிப்புப்பண்டம் செய்வோர், சீனிக்குப் பதிலாக மலிவான வெண்தூளொன்றைக் கலக்க விரும்பி மருந்துக்கடைக்கு ஆளனுப்பினர். கடை உதவியாளன் தவறுதலாக ஆசனிக்கு நஞ்சை நிறுத்துக் கொடுத்தான். அவ்வினிப்பை உண்டவருள் ஏறக்குறைய 20 பேர் மாண்டனர்; 200 பேர் வரையில் நோயுற்றனர். இத்தகைய கேடுகள் மக்களை விழிப்புறச் செய்தன. முதலில் 1860ஆம் ஆண்டிலும், பின்னர் 1872ஆம் ஆண்டிலும், இறுதியில் 1875ஆம் ஆண்டிலும் உணவுக் கலப்படத்துக்கெதிரான சட்டங்கள் பிறந்தன. உள்ளூராட்சி மன்றங்கள் பொதுப் பகுப்பாய்வாளர்களை நியமிக்கலாயின.

ஆனால், பகுப்பாய்வாளரென வந்தவர் அனைவரும் தகுதியுடையவராய் இருந்தனரா? ஒருவர் கலப்படம் என்ற பாலை இன்னொருவர் தூயதென்றார். வழக்குமன்றத்தில் இரு தரப்புப் பகுப்பாய்வாளரும் ஒருவரையொருவர் மறுத்துரைத்தனர். கையொப்பமிட்டவரின் தகுதிக்குப் பொறுப்பாளி யாரென்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாகவே 1877ஆம் ஆண்டில், எட்வேட் பிராங்லண்ட் அவர்களை முதற் தலைவராகக் கொண்டு இங்கிலாந்தில் இரசாயன நிறுவகம் தோன்றியது. 1885ஆம் ஆண்டில் அது அரச பட்டயம் பெற்றது. ‘பட்டய இரசாயனவியலாளர்’ என்னும் தொழிற்பெயர் 1975ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அந்நிறுவகம் வேறு மூன்று சங்கங்களோடு இணைந்து, இன்றைய அரச இரசாயனக் கழகம் ஆயிற்று.

இவ்வரலாற்றினின்றும் நாம் ஒன்றைத் தெளிதல் வேண்டும். தொழிற்சான்று இரசாயனவியலாளரை அலங்கரிப்பதற்காகப் பிறந்ததன்று. உணவை உண்பவனையும் நீரைப் பருகுபவனையும் காப்பதற்காகப் பிறந்தது. பல்கலைக்கழகப் பட்டம், ஒருவர் குறித்த பாடங்களைக் கற்றுத் தேறினார் என்பதற்குச் சாட்சி. அஃது ஒருமுறை அளிக்கப்பட்டபின் திரும்பப் பெறப்படுவது அரிது. தொழிற்சான்றோ அத்தகையதன்று. கற்ற கல்வியோடு சில ஆண்டுத் தொழிலனுபவமும் உண்டு, தொழிலில் மூத்தோர் அவரை அறிவர், ஒழுக்க விதிகளுக்கு அவர் கட்டுப்பட்டவர், தவறிழைத்தால் அவரை விசாரிக்கவும் பதிவினின்று நீக்கவும் ஒரு சபையுண்டு என்பதற்கெல்லாம் அதுவே சாட்சி. சுருங்கக் கூறின், பட்டம் அறிவுக்குச் சான்று. தொழிற்சான்று பொறுப்புக்குச் சான்று.

நிற்க. இப்பொறுப்பை நாடுகள் பலவாறு வகுத்துள்ளன. இத்தாலியிலே 1928ஆம் ஆண்டு தொடக்கம் இரசாயனவியலாளர் தொழில் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. அரச பரீட்சையில் தேறிப் பெயரேட்டிற் பதிவு பெற்றவரே அங்கு அத்தொழிலை ஆற்றலாம். 2018ஆம் ஆண்டில் அங்கு இரசாயனவியலாளரும் பௌதிகவியலாளரும் ஒரே தொழிற்சபையின் கீழ்ச் சுகாதாரத் தொழிலினராக வைக்கப்பட்டனர். கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் இரசாயனவியலாளர்க்கெனச் சட்டத்தாலமைந்த தொழிற்சபையுண்டு. பிலிப்பீன் தீவுகளில் 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 2015ஆம் ஆண்டுச் சட்டமும் இரசாயனவியலாளர்க்கு உரிமப் பரீட்சையை விதித்தன. எம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நாடிச் சென்ற மலேசியாவில், 1975ஆம் ஆண்டின் இரசாயனவியலாளர் சட்டம் பதிவை வேண்டிநிற்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ பொதுவாக இரசாயனவியலாளர்க்கு அரசாங்க உரிமம் வேண்டப்படுவதில்லை. அங்கு அமெரிக்க இரசாயனச் சங்கம் 1936ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்து, தனியாளைச் சோதியாது பல்கலைக்கழகப் பாடநெறிகளைச் சோதித்து ஏற்கும் வழியைக் கைக்கொண்டது.

ஆகவே, ஓரிடத்திற் சட்டம், ஓரிடத்திற் பட்டயம், ஓரிடத்தில் இரண்டுமில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றவாறு, ஒவ்வொரு நாடும் தன் முறையே முறையென எண்ணுகின்றது. இடையிலே அகப்பட்டவன் நாடுவிட்டு நாடு செல்லும் இரசாயனவியலாளன்.

ஐரோப்பாவில் இதனைத் தீர்க்க முயன்றனர். பல நாட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடி 1990களின் முற்பகுதியில் ‘ஐரோப்பிய இரசாயனவியலாளர்’ என்னும் பொதுப் பெயரை உருவாக்கின. அது மதிப்பைத் தந்தது. ஆயினும் சட்ட உரிமையைத் தரும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்றகைமைக் கட்டளை ஏழு தொழில்களுக்கு மாத்திரம், கல்வித் தகைமையைக் கொண்டே எல்லை கடந்த அங்கீகாரத்தைத் தானாகவே அளித்தது. வைத்தியர், பொதுத் தாதியர், பல் வைத்தியர், மிருக வைத்தியர், மருத்துவிச்சியர், மருந்தாளர், கட்டடக் கலைஞர் என்போரே அவ்வெழுவர். மருந்தை விற்பவர் அப்பட்டியலில் உளர். அம்மருந்தின் தூய்மையை ஆராயும் இரசாயனவியலாளர் இல்லை. அவர் விண்ணப்பித்துக் காத்திருத்தல் வேண்டும். ஏற்கும் நாடு விரும்பின் அவரைத் தகுதிப் பரீட்சைக்கோ, மூன்றாண்டு வரையிலான பயிற்சிக் காலத்துக்கோ உட்படுத்தலாம். அன்றியும், ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தை நீங்கி, இடைமாறு காலமும் 2020ஆம் ஆண்டின் முடிவோடு நிறைவெய்தியபோது, அந்நாட்டுச் சான்றுக்கு அக்கட்டளையால் இருந்த பயனும் அற்றுப்போயிற்று. ஓரிரவில் எவரும் இரசாயனவியலை மறந்துவிடவில்லை. ஆயினும் சான்றின் வலிமை குன்றியது. அரசியல் உடன்பாட்டை மட்டும் நம்பி நிற்கும் அங்கீகாரம் அரசியலோடு சாயும் என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பிற துறையினர் இதிலும் செம்மையான வழி கண்டனர். பொறியியற் கல்வியைப் பொறுத்தவரை 1989ஆம் ஆண்டில் ஆறு நாடுகளின் நிறுவனங்கள் வாஷிங்டன் உடன்படிக்கையைச் செய்தன. ஒரு நாட்டிற் சோதித்தேற்கப்பட்ட பொறியியற் பட்டத்தை ஏனைய நாடுகள் நிகரானதென ஏற்பதே அதன் சாரம். எமது நாட்டின் பொறியியலாளர் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் அதில் முழு அங்கத்துவம் பெற்றது. இவை யாவும் அரசாங்கங்களின் ஒப்பந்தமல்ல, தொழிற்சபைகளின் ஒப்பந்தம். இரசாயனவியலாளர்க்கு இத்துணை விரிந்த உடன்படிக்கை இன்றளவும் அமையவில்லை.

இன்னுமோர் வியப்புண்டு. இரசாயனவியலாளன் எல்லையில் நிற்க, அவன் எழுதிய அறிக்கை எல்லையைக் கடக்கின்றது! ஆய்வுகூடங்களுக்கான 17025 என்னும் சர்வதேச நியமம் 1999ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. ஆய்வுகூடங்களை அங்கீகரிக்கும் சபைகள் 2000ஆம் ஆண்டில் ஒன்றையொன்று ஏற்கும் ஒழுங்கொன்றிற் கையொப்பமிட்டன. எமது நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அங்கீகாரச் சபை நிறுவப்பட்டது. இவற்றின் பயனாகத் தேயிலைக்கும் மீனுக்கும் கறுவாவுக்கும் இங்கு வழங்கப்படும் ஆய்வறிக்கை கடல் கடந்து செல்லுதல் கூடும். அவ்வறிக்கையிற் கையொப்பமிட்டவர் கடல் கடந்தால், முதலிலிருந்து தொடங்க வேண்டியவராகின்றார்.

இவ்விடத்துச் சிலர் எம்மை மறிப்பர். ஆய்வுகூடம் அங்கீகாரம் பெற்றிருந்தாற் போதாதோ, கருவிகள் நுண்ணியவாய் இருந்தாற் போதாதோ, தனியாளுக்குச் சான்றெதற்கு என்பர். இவர்க்கு 2008ஆம் ஆண்டிற் சீனத்தில் நிகழ்ந்ததை நினைவூட்டுகின்றோம். பாலின் புரதத்தை அளக்க வழங்கும் பழைய முறை, 1883ஆம் ஆண்டிற் கெல்டால் என்பார் கண்டது. அஃது புரதத்தை நேரே அளப்பதன்று. நைதரசனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணித்துக் கொள்வது. நீர் கலந்த பாலிலே மெலமீன் என்னும் பொருளை வஞ்சகர் சேர்த்தனர். மெலமீனின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசனாகும். ஆகவே அளவீடு செவ்விதாய் அமைந்தது. கணிப்பும் செவ்விதாய் அமைந்தது. பால் மட்டும் நஞ்சாயிற்று. ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அறுவர் உயிரிழந்ததாக அரசாங்கம் அறிவித்தது. கருவி கேட்ட கேள்விக்கு மாத்திரம் விடை தரும். கேட்ட கேள்வி சரியானதோ என ஐயுறுவது மனிதனின் கடமை. அவ்வாறு ஐயுறும் அறிவையும், ஐயத்தை மேலோர்க்கு அஞ்சாது எழுதிவைக்கும் நெஞ்சுரத்தையும் உடையவரே கையொப்பமிடத் தக்கவர். அவர் பின்னால் அவரைத் தாங்கவும் தட்டிக்கேட்கவும் வல்ல ஒரு சபை இருத்தல் வேண்டும்.

மற்றொரு சாரார் கூற்று இதனினும் வலியது. தொழிற்சபைகள் வேலியடைத்துத் தம்மவரைக் காக்கின்றன, கட்டணம் என்ற பெயரால் வறிய நாட்டவரைத் தடுக்கின்றன, பொதுநலம் என்பது வெறும் போர்வை என்பர். இக்கூற்றில் உண்மை இல்லையென நாம் சொல்லோம். கல்வியிலும் அனுபவத்திலும் குறையாத ஒருவரை அவர் பிறந்த நாடு பற்றியே திருப்பியனுப்பும் வழக்கம் உண்டாயின், அது தொழிற்காப்பன்று; வெறும் அச்சம். ஆயினும், வேலி கோணலாயின் வேலியை நிமிர்த்துவதே அறிவுடைமை. பயிரைத் திறந்துவிடுதல் அறிவுடைமையன்று.

இவ்வழக்கு தொலைவிலுள்ள நாடுகளைப் பற்றியது மாத்திரமன்று. வற்றாத ஆறொன்றேனுமில்லாத எமது குடாநாடு, சுண்ணாம்புக்கற் பாறையில் ஊறும் கிணற்றுநீரையே நம்பி வாழ்வது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென்ற முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரிதாய் எழுந்தபோது, ஆய்வு முடிவுகள் ஒருமுகமாய் அமையவில்லை. அபாயமான மாசில்லை என ஒரு சாரார் கூற, எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மிஞ்சியுள்ளன என மறுசாரார் கூறினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனமொன்று பணிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் கிணற்றடியில் நின்ற குடும்பத் தலைவி, எவர் சொல்லை நம்பி வாளியை இறக்குவது? இங்கிலாந்திலே 1875ஆம் ஆண்டின் பின் எழுந்த கேள்வியும் எமது கிணற்றடியில் எழுந்த கேள்வியும் ஒன்றே.

எமது நாட்டில் இதற்குரிய அடித்தளம் இல்லாமலில்லை. 1941ஆம் ஆண்டில் இலங்கை இரசாயனச் சங்கம் தோன்றியது. அதன் வழித்தோன்றலாக 1971ஆம் ஆண்டில் இலங்கை இரசாயனவியல் நிறுவகம் அமைந்து, 1972ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் கூட்டிணைக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு தொடக்கம் அது பட்டத்துக்கு நிகரான பாடநெறியொன்றை நடாத்தி, பல்கலைக்கழக வாயில் அடைபட்ட மாணவர் பலர்க்கு இரசாயனவியலின் வாயிலைத் திறந்தது. பட்டய இரசாயனவியலாளர் என்னும் பெயரையும் தக்கார்க்கு வழங்கி வருகின்றது. எமது உயர்தர வகுப்பு மாணவர் இதனை நன்கறிந்துகொள்ளல் வேண்டும்.

இனி, நாம் வேண்டுவன யாவை? முதலாவதாக, அறிவையும் சட்டத்தையும் பிரித்து நோக்குதல் வேண்டும். அனுமதிக்கப்பட்ட நிறமூட்டிகளும், நீரிலிருக்கத்தக்க நைத்திரேற்றின் எல்லையும், வழக்குமன்ற நடைமுறையும் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். அவற்றிற் புதிதாய் வந்தவரைச் சோதிப்பது நியாயமே. நியமிப்பையும் நிறமாலையையும் மீண்டும் சோதிப்பது காலத்தையும் பொருளையும் வீணாக்குவதாகும்.

இரண்டாவதாக, தொழிற்சபைகள் தம்முள் ஒரு பொதுப் பதிவேட்டை ஏற்படுத்தல் வேண்டும். ஒருவர் தம் சபையில் நல்ல நிலையில் உள்ளாரோ, ஒழுக்கத் தவறுக்காக நீக்கப்பட்டாரோ என்பதை அயல்நாட்டுச் சபை ஒரே நாளில் அறிதல் வேண்டும். நல்லவரை விரைந்து ஏற்பதற்கு இது துணை. ஒரு நாட்டிற் பொய்யறிக்கை எழுதி நீங்கியவர் மறுநாட்டிற் புதியவராய் வந்து அமர்வதைத் தடுக்கவும் இதுவே துணை.

மூன்றாவதாக, கட்டணம் விண்ணப்பிப்பவரது நாட்டின் வருவாய்க்கேற்ப அமைதல் வேண்டும். தொழிற்சபையே இல்லாத நாட்டினின்று வருவோர்க்கு, ஒரு மூத்தவரின் மேற்பார்வையிற் பணியாற்றித் தம் தகுதியைக் காட்டும் வழி திறந்திருத்தல் வேண்டும். ஏழ்மை தகுதியின்மை ஆகாது.

இவை நிறைவேறுதல் எம் ஒருவரின் கையிலில்லை. எனினும் எம்மால் இயல்வது சிறிதன்று. கடல் கடந்து வாழும் பழைய மாணவருட் பலர், தத்தம் நாட்டுத் தொழிற்சபைகளில் அங்கத்துவம் பெற்றுள்ளனர். இளையவர் விண்ணப்பிக்கும்போது பரிந்துரைப்போராய் நிற்கவும், அனுபவக் குறிப்புகளை எவ்வாறு எழுதி வைப்பதென வழிகாட்டவும், சபைக் கூட்டங்களில் மேற்கூறிய சீர்திருத்தங்களுக்காகக் குரலெழுப்பவும் அவர்களுக்கு இயலும். பழைய மாணவர் சங்கம் இவர்களையும் உயர்தர வகுப்பு மாணவரையும் ஆண்டுக்கொருமுறையேனும் இணைத்துவைத்தால், ஒரு கட்டடத் திறப்புவிழாவினும் அது நற்பணியாகும்.

மாணவர்க்கு ஒரு சொல். தொழிற்சான்றைக் கப்பலேறும் சீட்டென எண்ணற்க. ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்றனர் எம் முன்னோர். அளத்தலே உங்கள் தொழிலாகப் போகின்றது. அளவியின் வாசிப்பு, எதிர்பார்த்த விடைக்கு ஒவ்வாதபோது குறிப்பேட்டில் அதனைத் திருத்தி எழுதும் ஆசை எழுதல் இயல்பு. அடுத்த வாங்கிலுள்ளவனின் விடையைப் பார்த்து எழுதுவதும் எளிது. அவ்வாசையை அடக்கி, கண்டதைக் கண்டவாறே எழுதி, ‘விடை பொருந்தவில்லை’ என ஒப்புக்கொண்டு ஆசிரியரிடம் நீட்டும் மாணவனே பிற்காலத்தில் எந்நாட்டிலும் நம்பத்தக்க கையொப்பத்தை இடுவான். அத்தகைய குறிப்பேட்டுக்குக் குறைந்த புள்ளியிடாத ஆசிரியரும் அத்தொழிலின் காவலரே.

சபைகள் கூடி உடன்படிக்கை எழுதும் நாள் வரட்டும். அது விரைந்து வரல் வேண்டுமென்பதே எம் அவா. அந்நாள் வரும்போது, எமது கல்லூரியிற் பயின்றோரின் கையொப்பம் எவ்வூரிலும் ஐயத்துக்கிடமின்றி ஏற்கப்பெறுமாறு, அவர்களை இன்றே ஆயத்தஞ் செய்தல் எம் அனைவர்க்கும் கடனாகும்.